தொழில் வந்தது, நகரம் வந்ததா?

ஒரு தேசம் கைத்தொழிலில் முன்னேறினால் அதன் ஊர்கள் நகரங்களாகும் என்றும், நகரங்கள் பெருகினால் ஜனங்களின் வறுமை தானே நீங்கும் என்றும் அறிஞர் பலர் கூறி வருகின்றனர். மேனாட்டுச் சரித்திரம் கற்ற நம்மவரும் இதனை ஆராயாமலே ஒப்புக்கொண்டு விட்டனர். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்று பரீட்சித்துப் பார்க்க நாம் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் போக வேண்டுவதில்லை. காவிரியின் கிளைகள் கடலோடு கலக்கும் கரையிலே, காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவே இருக்கும் திருமலைராயன்பட்டினத்துக்குப் போனாலே போதும்.

அந்த ஒரு கொம்யூனின் எல்லைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கீழவாஞ்சூரில், நிலக்கரிக் கப்பல்கள் வந்து ஒதுங்கும் ஆழ்கடல் துறைமுகம் ஒன்று இருக்கிறது. மேலவாஞ்சூரில் காஸ்டிக் சோடா முதலியன செய்யும் கெம்பிளாஸ்ட் சன்மார் ரசாயனத் தொழிற்சாலை இருக்கிறது. பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்சாரம் உண்டாக்கவல்ல புதுச்சேரி மின்சக்திக் கழகத்தின் நிலையம் இருக்கிறது. அருகே நிரவியில், காவிரிப் படுகையில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் பெரிய காரியாலயம் இருக்கிறது. இந்த ஜாபிதாவை மட்டும் கேட்கும் அந்நியன் ஒருவன், இது செல்வம் கொழிக்கும் பெருநகரமாக இருக்க வேண்டும் என்றே நினைப்பான். ஆயினும், இந்த ஊர் இன்றும் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் ஆளப்படும் ஊரே. இதன் வாலிபர்கள் பிழைப்பைத் தேடிக் கடல் கடக்கும் வழக்கமும் நின்றபாடில்லை.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் யாது? தொழில் வருவது வேறு, நகரம் உண்டாவது வேறு என்பதே நமது அபிப்பிராயம். தொழிலைக் கொண்டுவர மூலதனமும் சர்க்கார் உத்தரவும் போதும். நகரத்தை உண்டாக்கவோ, தன் நிலத்தையும் நீரையும் வருமானத்தையும் தானே விசாரித்து நடத்தும் அதிகாரமுள்ள ஜனசமூகம் வேண்டும். முன்னது திருமலைராயன்பட்டினத்துக்கு வந்துவிட்டது. பின்னது வரவில்லை, அன்றி, முன்பு ஓரளவு இருந்ததும் பறிபோயிற்று என்றே சொல்ல வேண்டும். இதனை விவரமாக ஆராய்வோமாக.

காரைக்கால் பிரதேசத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டு ஜனக்கணிதப்படி அங்கே வாழ்வோர் 2,00,222 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகரவாசிகளாக எண்ணப்பட்டனர். கிழக்கே வங்கக்கடல், மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. இப்பிரதேசத்தை ஆளும் புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சட்டசபைக்கு ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் 30 அங்கத்தினரில் காரைக்கால் பிரதேசம் முழுவதற்கும் 5 பேர். நிரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதிக்கு ஒருவர். தெற்கே கூப்பிடு தூரத்தில் நாகூர். ஆனால் அது வேறு சர்க்கார், வேறு சட்டம், வேறு வரி. மொழியாலும் உறவாலும் தொழிலாலும் ஒன்றாயிருக்கும் சோழவளநாட்டை இக்கோடு இவ்வாறு பிரித்து வைத்திருப்பதன் பலன்களைப் பின்னர் காண்போம்.

இக்கோடு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1739-ல் காரைக்கால் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. சுற்றியுள்ள கிராமங்களும் அதனோடு சேர்ந்தன. அவர்கள் இதனை விரும்பியது இதன் நெல்லுக்காகவும் துணிக்காகவும். புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம் காரைக்கால் என்ற பெயர் அக்காலத்தில் உண்டானது. 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறிற்று. 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி அது சட்டப்படி உறுதியாயிற்று. 1963 ஜூலை முதல் தேதி யூனியன் பிரதேசம் பிறந்தது. கொடி மாறிற்று, ஆனால் விளைந்ததை வெளியே அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்பது என்ற பழைய ஏற்பாடு மாறிற்றா என்பதே கேள்வி.

விளைந்ததை மட்டுமா அனுப்பினோம்? மக்களையே அனுப்பினோம். பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1861-ல் உடன்படிக்கை செய்துகொண்டபோது, அவ்வேழைகளைக் கப்பலேற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. ரீயூனியனுக்கும் மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் போனவர்களின் சந்ததியார் தமிழ்ப் பெயர்களை மட்டும் தாங்கிக்கொண்டு இன்றும் அங்கே இருக்கின்றனர். பிறகு சைகோன் காலம் வந்தது. இப்போது பிரான்ஸ், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள். வெளியூரில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மக்களை நாம் குறை கூறவில்லை. காரைக்கால் பிரதேசத்தில் எழும்பியிருக்கும் மாடி வீடுகளில் பல அவர்களது வியர்வையால் எழும்பியவை. ஆனால், துறைமுகமும் ஆலையும் வாசலில் நிற்கையிலும் வாலிபர்கள் போவது ஏன் என்று கேட்காமலிருப்பது அரசியலறிவாகாது.

இதற்குப் பொருளாதார சாஸ்திரிகள் கூறும் முறை ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில், அந்த மார்த்தினீக்குக்கு அடுத்த செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் என்ற அறிஞர், காரைக்கால் விடுதலை பெற்ற அதே 1954-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏழை நாடுகளில் நிலத்தை நம்பி வேண்டியதற்கு மேற்பட்ட ஆட்கள் இருக்கின்றனர். தொழிற்சாலைகள் தோன்றினால் அவ்வாட்கள் அங்கே செல்வர். முதலாளி தன் லாபத்தை மேலும் தொழிலில் போடப் போட மேலும் ஆட்கள் இழுக்கப்படுவர். கடைசியில் மிகுதியான ஆட்கள் தீர்ந்து கூலி உயரும் — இதுவே அவர் காட்டிய வழியின் சாரம். நல்ல வழிதான். ஆனால் அது பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. தொழில், ஆட்களை வேண்டும் தொழிலாயிருக்க வேண்டும். லாபம் அவ்விடத்திலேயே மேலும் தொழிலாக மாற வேண்டும்.

திருமலைராயன்பட்டினத்துக்கு வந்த தொழில்கள் எத்தகையவை? எரிவாயு குழாயில் வருகிறது, சுழலியைச் சுற்றுகிறது, மின்சாரமாகிக் கம்பியில் போகிறது. உப்புநீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரிகின்றன. அவை வேற்றூர் ஆலைகளுக்குப் போகின்றன. நிலக்கரி கப்பலில் வந்து, யந்திரத்தால் இறங்கி, ரயிலேறி உள்நாட்டு ஆலைகளுக்குச் செல்கிறது. பழைய துறைமுகங்களில் மூட்டை சுமந்தும், படகு தள்ளியும், கணக்கெழுதியும் ஆயிரமாயிரம் பேர் பிழைத்தனர். இக்காலத் துறைமுகத்தில் ஒரு பளுதூக்கி யந்திரம் நூற்றுக்கணக்கானவர் வேலையைச் செய்து விடுகிறது. கோடிக்கணக்கான ரூபாய் மூலதனத்துக்குக் கொஞ்சம் பேருக்கே வேலை கொடுக்கும் தொழில்கள் இவை. யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் யந்திரத்தைக் கண்டு வேலையைக் கண்டதாக மயங்கலாகாது என்கிறோம்.

லாபத்தின் கதியோ இன்னும் தெளிவு. துறைமுகம் 2009-ல் வேலை தொடங்கிற்று. அதனைக் கட்டிய மார்க் கம்பெனியின் கையை விட்டு அது கடன்காரர் கைக்குப் போய், பின்னர் திவால் சட்டப்படி விலைக்கு வந்தது. 2023-ல் அதானி துறைமுகக் கம்பெனி 1,485 கோடி ரூபாய்க்கு அதனை எடுத்துக்கொண்டது. பத்திரிகைகளின் வியாபாரப் பக்கங்களில் இச்செய்தி பெரிதாக வெளிவந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டனர். வாங்கியவருக்கு என்ன லாபம் என்று கணக்கிட்டனர். வாஞ்சூருக்கும் பட்டினத்துக்கும் என்ன என்று கணக்கிட்டவர் யார்? 1,485 கோடி ரூபாய்ப் பேரத்தில், அந்தத் துறைமுகம் நிற்கும் மண்ணின் ஊர்ச்சபைக்கு உட்கார ஓர் இடமில்லை. இடம் கேட்க அங்கே ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஊர்ச்சபையே இல்லை.

வரியின் கதையும் இதுவே. 2017-ல் வந்த சரக்கு சேவை வரியின் தத்துவம், சரக்கு உண்டாகும் இடத்துக்கன்றி, செலவாகும் இடத்துக்கு வரியைச் சேர்ப்பது. ஆகவே ஒரு சரக்கைச் செய்வதாலும் இறக்குவதாலும் வரும் தூசும் புகையும் வண்டி நெருக்கமும் செய்யும் ஊருக்கு. அதன்மேல் வரும் வரியோ நுகரும் ஊருக்கு. தேச முழுவதற்கும் பொருந்தும் வரிமுறை என்ற வகையில் இதற்கு நியாயங்கள் உண்டு. ஆனால், அந்த நியாயத்தின் செலவைச் சிறிய ஊர் ஒன்று தன் தலையில் சுமக்கும்போது, அதற்கு ஈடு செய்வது சர்க்காரின் கடமை. வீட்டு வரியையும் சில்லறைக் கட்டணங்களையும் நம்பி நிற்கும் கொம்யூன் பஞ்சாயத்து, கப்பல்துறையும் ரசாயன ஆலையும் உள்ள ஊருக்கு வேண்டிய சாலையும் சாக்கடையும் குடிநீரும் எங்ஙனம் கொடுக்க முடியும்?

தூசைப் பற்றிச் சொன்னோம். நிலக்கரித் தூசு வீட்டுத் திண்ணையிலும் உண்ணும் சோற்றிலும் படிகிறது என்று வாஞ்சூர், நாகூர் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டதும், கிளர்ச்சி செய்ததும், நியாயஸ்தலம் வரை சென்றதும் யாவரும் அறிந்தவை. இவ்விஷயத்தில் எல்லைக்கோட்டின் கொடுமை நன்றாக விளங்கும். கரி இறங்குவது புதுச்சேரி சர்க்காரின் எல்லையில். தூசு பறந்து போவது தமிழ்நாட்டு எல்லைக்குள். நாகூரில் இருப்பவன் புதுச்சேரிச் சட்டசபைக்கு வாக்களிக்க முடியாது. அவன் வாக்களிக்கும் சர்க்காருக்கோ துறைமுகத்தின்மேல் அதிகாரமில்லை. காற்றுக்கு எல்லை தெரியவில்லை. காகிதத்துக்கு மட்டும் தெரிகிறது. கரிக்குவியலை மூடி வைப்பதும், நீர் தெளிப்பதும், வண்டிகளைப் போர்த்தி அனுப்புவதும் விஞ்ஞானத்துக்கு எட்டாத காரியங்கள் அல்ல. அவை நாள்தோறும் நடக்கின்றனவா என்று பார்க்க, அங்கேயே வாழும், அங்கேயே மூச்சு விடும் மனிதர்களின் அதிகாரமுள்ள சபை வேண்டும். தொலைவிலிருந்து எப்போதோ வரும் அதிகாரி அதற்கு ஈடாகார்.

கடலையும் மறக்கலாகாது. பட்டினச்சேரி மீனவர்கள் துறைமுகத்துக்கு எத்தனையோ தலைமுறை மூத்தவர்கள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உயிர்ச்சேதம் மிகுதியாக நேர்ந்தது காரைக்கால் கரையிலே. அக்கரையில் எதைக் கட்டினாலும், அலைதடுப்பு எங்கே போட்டாலும், மணல் எங்கே சேரும், எங்கே அரிக்கும் என்பதை அம்மீனவர்கள் படித்தறியாவிட்டாலும் பட்டறிந்தவர்கள். பொறியாளரின் வரைபடத்தோடு அவர்கள் அனுபவமும் சேர்ந்தாலன்றிக் கரை நிலைக்காது.

இனி நிலத்தைப் பார்ப்போம். காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களைக் கடந்து கடைசியில்தான் இங்கே எட்டுகிறது. நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. ஏட்டில் உள்ள அந்தத் தண்ணீர் காலத்தில் வயலுக்கு வராவிடில் குறுவை போகும்; பின்னர் சம்பாவும் தள்ளாடும். கடலை அடுத்த ஊர்களில் ஆற்றுநீர் குறைந்தால் நிலத்தடியில் உவர் ஏறும். இரண்டு போகம் கெட்ட குடியானவன், மனைக்கு நிலம் கேட்டு வருபவனிடம் எத்தனை நாள் மறுத்துக்கொண்டிருப்பான்? நகரம் வளர்வதால் வயல் அழிகிறது என்று பலர் சொல்கின்றனர். வயல் கைவிடப்படுவதால் மனை பெருகுகிறது என்பதும் அதே அளவு உண்மை. இது வளர்ச்சியல்ல, தோல்விக்கு வளர்ச்சியின் சட்டையைப் போட்டிருக்கிறார்கள்.

இங்கும் எல்லைக்கோடு வந்து குறுக்கிடுகிறது. 2020-ல் தமிழ்நாடு சர்க்கார், காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் செய்தது. தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை முதலியவற்றோடு, எண்ணெய் எரிவாயுவுக்காகப் புதிதாகத் துளையிடுவதும் அங்கே தடுக்கப்பட்டது. 2023-ல் மயிலாடுதுறை ஜில்லாவும் அதில் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. முன்னமே நடந்து வரும் தொழில்களை அது தொடவில்லை. ஆயினும், டெல்டாவின் நெல்வயல் தேசத்தின் பொதுச்சொத்து என்ற கொள்கையை அது ஒப்புக்கொண்டது. காரைக்கால் அதே ஆற்றின் நீரை உண்பது, அதே மண், அதே பயிர். ஆயினும் தமிழ்நாட்டுச் சட்டம் காரைக்கால் எல்லையிலே நின்று விடுகிறது. ஒரு வரப்புக்கு இப்பால் தடுக்கப்பட்ட ஆலை, வரப்புக்கு அப்பால் வரலாம் என்றால், பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பொருள் யாது? புதுச்சேரிச் சட்டசபை இவ்விஷயத்தில் தமிழ்நாட்டோடு கலந்து, இரு பக்கத்துக்கும் ஒத்த விதிகளைச் செய்வதே முறை.

எல்லைக்கோட்டால் பிழைக்கும் வியாபாரம் ஒன்றும் உண்டு. அது மது. புதுச்சேரியில் சாராயத்துக்கு வரி குறைவு, தமிழ்நாட்டில் அதிகம். அந்த வித்தியாசமே வாஞ்சூர் எல்லையில் மதுக்கடைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறது. சர்க்கார் பொக்கிஷத்துக்குக் கலால் வருமானம் பெரிதாயிருப்பதால், அதைப் பற்றி வாய் திறப்போர் குறைவு. கூலிக்காரன் வீட்டு அடுப்புக்குப் போக வேண்டிய பணத்தில் சர்க்கார் பெட்டி நிரம்புவதை அபிவிருத்தி என்று எந்தச் சாஸ்திரம் கூறும்? துறைமுகத்தின் லாபத்தில் உரிய பங்கைக் கேட்கத் துணியாத சர்க்கார், ஏழையின் மடியில் எளிதாகக் கைவைக்கிறது.

இத்தனைக்கும் மூலமான குறையைத் தொட்டுக் காட்டுவோம். 1880-ல், பிரெஞ்சு சர்க்கார் தன் இந்தியப் பிரதேசங்களைப் பத்துக் கொம்யூன்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தேர்தல் மூலம் அமையும் நகரசபையை ஏற்படுத்திற்று. அவற்றில் மூன்று காரைக்காலில் இருந்தன: காரைக்கால், நெடுங்காடு, மூன்றாவது திருமலைராயன்பட்டினம். ‘பெரிய கிராமம்’ என்ற பொருளில் ‘லா கிராந்த் ஆல்தே’ என்று அவர்கள் இதனை அழைத்தனர். அத்தேர்தல்களில் நடந்த மோசடிகளையும் அடிதடிகளையும் நாம் அறிவோம். அந்நியன் கொடுத்த சபையைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஆனால் உரிமையின் உருவமாவது இருந்தது. சுதந்திர இந்தியாவில் நடந்ததென்ன? 1968-ல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 1973-ல் நகராட்சிச் சட்டமும் பஞ்சாயத்துச் சட்டமும் இயற்றப்பட்டன. தேசமெங்கும் ஸ்தல சுயாட்சியைக் கட்டாயமாக்கிய அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்தன. அப்படியும் புதுச்சேரியில் அடுத்த தேர்தல் நடந்தது 2006-ல் — முப்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு. 2011-ல் அச்சபைகளின் காலம் முடிந்தது. மீண்டும் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன; 2021-ல் அறிவித்த தேர்தலும் நடவாமல் நின்றுபோயிற்று.

துறைமுகம் கை மாறியதும், தூசு பறந்ததும், மனைகள் பெருகியதும் பெரும்பாலும் இந்தக் காலத்திலேதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஊரின் தலைவிதியையே மாற்றும் காரியங்கள் நடந்த வருஷங்களில் ஊருக்கு வாய் இல்லாதிருந்தது. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஆணையர், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், இன்று இங்கே, நாளை வேறிடம். அவர் நல்லவராயிருக்கலாம், ஆனால் ஒரு துறைமுகக் கம்பெனியின் முன் நின்று, ‘எங்கள் ஊருக்கு இது வேண்டும்’ என்று சொல்லும் அந்தஸ்து ஊர்வாசிக்கே உண்டு.

இவ்வூரைப் பற்றி வழங்கும் பழங்கதை ஒன்று தமிழறிந்தோர் யாவருக்கும் தெரியும். திருமலைராயன் சபைக்கு வந்த காளமேகப் புலவருக்கு உட்கார ஆசனம் கொடுக்கவில்லையாம். அவமதிக்கப்பட்ட புலவர் மண்மாரி பொழியுமாறு ஊரைச் சபித்தாராம். கதையைச் சரித்திரமாக்க வேண்டுவதில்லை. ஆயினும் தகுதியுள்ளவனுக்குச் சபையில் இடம் மறுத்தால் ஊருக்குக் கேடு வரும் என்று நம் முன்னோர் கருதினர் என்பது அதனால் விளங்கும். இன்று இடம் மறுக்கப்பட்டிருப்பவர்கள் அவ்வூர் ஜனங்களே.

மேனாட்டு நகரங்கள் தொழிலால் மட்டும் உயர்ந்தன என்று நினைப்பது சரித்திரத்தைப் பாதி படித்ததன் பயன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம் ஆலைகளால் நிரம்பியிருந்தும், நெடுங்காலம் அழுக்கும் நோயும் நிறைந்த இடமாகவே இருந்தது. 1873 முதல் 1876 வரை அதன் நகரத் தலைவராயிருந்தவர் ஜோசப் சேம்பர்லேன். பிற்காலத்தில் ஏகாதிபத்தியவாதியாகி நமக்கு உவப்பில்லாதவராயினும், நகர பரிபாலனத்தில் அவர் செய்தது பெரிது. வாயுக் கம்பெனிகளையும் தண்ணீர்க் கம்பெனியையும் நகரசபையே வாங்கும்படி செய்தார். வாயுவில் வந்த லாபத்தை நகரச் சீர்திருத்தத்துக்குச் செலவிட்டார். ஆலைகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றின் செல்வத்தைத் தெருவுக்கும் வீட்டுக்கும் திருப்பிவிட அதிகாரமும் துணிவும் உள்ள சபை அமைந்தபோதுதான் பர்மிங்ஹாம் நகரமாயிற்று.

இது ஒரு பட்டினத்தின் சங்கதி மட்டுமன்று. ஐயாயிரம் பேருக்குக் குறையாத ஜனத்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத நெருக்கம், வேலை செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் பயிர்த்தொழில் அல்லாத வேலையில் இருத்தல் — இம்மூன்றும் உள்ள ஊரை, நகராட்சி இல்லாவிடினும், ஜனக்கணித அதிகாரிகள் நகரம் என்று எண்ணுகின்றனர். 2001-ல் இந்தியா முழுவதும் இத்தகைய ஊர்கள் 1,362. 2011-ல் அவை 3,894. பத்தே வருஷங்களில் சுமார் மூன்று மடங்கு. கணக்கில் நகரம், ஆட்சியில் கிராமம். தேசத்தில் நகரவாசிகள் நூற்றுக்கு 31 பேர் என்று 2011-ல் பெருமையோடு அறிவிக்கப்பட்டது. அவர்களில் எத்தனை லட்சம் பேர் இவ்விதம் வாயற்ற நகரங்களில் வாழ்கின்றனர் என்பதைத் தேசாபிமானிகள் சிந்திக்க வேண்டும்.

நமக்கு மறுப்புக் கூறுவோர் மூன்று காரணங்கள் சொல்வர். தேர்தல் வைத்தால் கட்சிச் சண்டை வரும் என்பது ஒன்று. சட்டசபைத் தேர்தலில் வராத சண்டையா? அதற்காக யாரும் சட்டசபையை மூடிவிடவில்லை. சிற்றூர்ச் சபைக்குப் பெரிய தொழில்களைக் கண்காணிக்கும் அறிவு இல்லை என்பது இரண்டாவது. ஒருகாலத்தில் இந்தியருக்குச் சுயராஜ்யம் நடத்தும் அறிவில்லை என்று நம்மை ஆண்டவர்கள் சொன்ன வாதமே இது. அதை இன்று நம்மவர் வாயில் கேட்பது வெட்கத்துக்குரியது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காரைக்காலில் வேளாண் கல்லூரியும் ஜிப்மர் கிளையும் இருக்கின்றன. காற்றையும் நீரையும் மண்ணையும் சோதித்துச் சபைக்கு யோசனை கூற அறிஞர் அங்கேயே உளர். பங்கு கேட்டால் தொழில் ஓடிவிடும் என்பது மூன்றாவது. துறைமுகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. கடலின் ஆழமும் ரயில்பாதையும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அது இருக்கும். திட்டமான பங்கும், ஊராரின் நல்லெண்ணமும், அடிக்கடி எழும் கிளர்ச்சியைவிட முதலாளிக்கும் லாபமே.

ஆகவே நாம் கோருவது இவை. முதலாவது, புதுச்சேரியில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடத்தப்பட வேண்டும். சாக்குகளுக்கு இனி இடம் இருக்கக்கூடாது. இரண்டாவது, துறைமுகத்தாலும் பெருந்தொழில்களாலும் சர்க்காருக்கு வரும் வருமானத்தில் ஒரு பாகம் சட்டப்படி அந்தந்தக் கொம்யூனுக்குச் சேர வேண்டும். அது தர்மமாகவோ தயவாகவோ அல்லாமல், உரிமையாக வர வேண்டும். மூன்றாவது, தூசு, கழிவுநீர், கரையரிப்பு ஆகியவற்றைக் கண்காணிக்க நாகூர், வாஞ்சூர், பட்டினச்சேரி மக்களின் பிரதிநிதிகளும் இரு சர்க்கார்களும் சேர்ந்த நிரந்தரக் கமிட்டி வேண்டும். சோதனை முடிவுகள் தமிழில் ஊர்ப்பலகையில் ஒட்டப்பட வேண்டும். நான்காவது, கடைமடைக்குத் தண்ணீரும், டெல்டா வயலுக்குச் சட்டப் பாதுகாப்பும் காரைக்காலுக்கும் கிடைக்க வேண்டும். ஐந்தாவது, ஆட்களை வேண்டும் தொழில்கள் — மீன் பதனிடுதல், பனிக்கட்டி, படகும் யந்திரமும் செப்பனிடுதல், அரிசியும் அதன் துணைப்பொருள்களும் — ஊரிலேயே வளர, துறைமுகத்தை அடுத்த நிலத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும்; துறைமுக வேலைக்கு வேண்டிய பயிற்சி ஊர் வாலிபர்களுக்கு முதலில் அளிக்கப்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றேனும் ஆகாத காரியமன்று. பெரிய மூலதனம் வேண்டுவதும் அன்று. வேண்டுவது, ஊரார் ஊரை ஆள வேண்டும் என்ற ஒரு கொள்கை. நம் தேசத்தவர் டில்லியில் கொடி ஏற்றுவதற்காக மட்டும் சிறை சென்றவர்கள் அல்லர். தெருமுனைக் குழாய் வரையில் தம் அதிகாரம் செல்ல வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட சுயராஜ்யத்தின் பொருள். டில்லியில் வந்தது புதுச்சேரிக்கு வந்தது. புதுச்சேரியிலிருந்து பட்டினத்துக்கு இன்னும் வர வேண்டும்.

காரைக்கால் பிரதேசத்துத் தொண்டர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். கட்சி எதுவாயினும் ஆகுக. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர் எவரானாலும், ஊர்ச்சபைத் தேர்தலை எந்தத் தேதியில் நடத்துவீர், துறைமுக வருமானத்தில் ஊருக்கு என்ன பாகம் தருவீர் என்ற இரண்டு கேள்விகளை அவரிடம் கேட்க ஜனங்களைப் பழக்குங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். அதைத் தெருத்தெருவாகப் படித்துக் காட்டுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருக்கு வாக்குக் கொடுக்கத் தயங்குங்கள். கப்பல் வருவதும் போவதும் கம்பெனிகளின் காரியம். அந்தக் கப்பல் வரும் கரையில் குடியிருப்போர் கூலிகளாக இருப்பதா, நகரத்தாராக இருப்பதா என்பது உங்கள் காரியம்.